அடுப்புக்குள் போன காடு

வியாசர்பாடியில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பேஸின் பிரிட்ஜைத் தாண்டினால் தண்டவாளங்கள். அவற்றைத் தாண்டினால் மறுபடியும் தண்டவாளங்கள். அப்புறம் அடுக்கடுக்காகக் குடியிருப்புகள், கேப்டன் காட்டன் கால்வாய், ஒரு மழை பெய்தால் நிரம்பி வழியும் சுரங்கப்பாதை. வியாச முனிவர் வந்து வழிபட்ட தலம் என்று ரவீஸ்வரர் கோயிலில் சொல்கிறார்கள். அந்த நாளில் இங்கே ஒரு தபோவனம் இருந்திருக்கலாம். இன்று நாலு வேப்ப மரத்தைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் ஆச்சரியம்.

ஆனாலும் காட்டைத் தேடிக் கொண்டு நான் போனது வியாசர்பாடிக்குத்தான். காட்டை அழித்தது யார் என்று கேட்டால் எல்லோரும் கோடரிக்காரனைக் காட்டுகிறார்கள். அவன் வெட்டிய விறகு யார் வீட்டு அடுப்புக்குள் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. சென்னைப் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு வந்து இறங்கிய துறை இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பான் கடனில் நம்முடைய மலைகளில் மரம் நட்ட பெரிய திட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற வனவர் ஒருவர், இப்போது எம்.கே.பி. நகரில் தம் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் இருக்கும் கட்டடத்தைத் தேடிப் போனபோது மாடிப்படியில் ஓர் ஆயா உட்கார்ந்து முறத்தில் எதையோ புடைத்துக் கொண்டிருந்தாள். "பாரஸ்டரையா பாக்கணும்? குந்து கண்ணு, கடைக்குப் போய்க்கீறாரு, வந்துடுவாரு" என்று பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினாள். பத்திரிகைத் தொழிலில் காத்திருக்கும் நேரம் ஒருபோதும் வீணாவதில்லை!

படகில் வந்த விறகு

ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவளுடைய தகப்பனாருக்கு விறகுத் தொட்டியில் கூலி வேலை. விறகுத் தொட்டி என்றால் இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியாது. மலை மாதிரி சவுக்குக் கட்டை அடுக்கி, ஆள் உயரத் தராசு ஒன்று கட்டித் தொங்கவிட்டு, எடை போட்டு விற்கும் கடை. உங்கள் பாட்டியைக் கேளுங்கள். ஈர விறகைத் தலையில் கட்டிவிட்டான் என்று தொட்டிக்காரனோடு போட்ட சண்டையை இன்றைக்கும் வர்ணிப்பாள்.

"காவாயில படகுல வரும் கண்ணு. பேஸின் பிரிட்ஜாண்ட எறக்குவாங்க. நான் சின்னப் பொண்ணு. கீழ செதறிக் கெடக்குற பட்டையப் பொறுக்கியாருவேன். அதுலியே ஒரு வேளை சோறு வெந்துடும்."

"எங்கேயிருந்து வந்தது ஆயா அந்த விறகு?"

"அத யாரு கண்டா? வடக்கேர்ந்து வரும்."

வடக்கே என்றால் எங்கே என்று நான் பிறகு தேடிப் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் வரை வெட்டி, பின்னர் ஆந்திரத்துக்குள் வெகுதூரம் நீட்டி, 1878-ல் பக்கிங்காம் என்று பெயர் சூட்டிய கால்வாய்தான் படகுகள் வந்த வழி. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவின் காடு, சென்னைக்கு விறகு தருவதற்கென்றே காட்டிலாகாவின் பராமரிப்பில் இருந்தது. ராக்கெட் புறப்படும் இடம் என்று இன்று குழந்தைகள் பாடம் படிக்கிறார்களே, அதே தீவுதான்! ராக்கெட் வருவதற்கு முன்னால் அங்கிருந்து புறப்பட்டது நம் வீட்டு அடுப்புக்கான விறகு.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேடிக்கையான ஒரு பொருத்தம் இருக்கிறது. வியாசர்பாடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி. அதே 1856-ன் கடைசியில், சென்னை ராஜதானியின் காடுகளைப் பாதுகாக்க ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் நியமிக்கப்பட்டார். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை, எஞ்சினுக்கு விறகு என்று ரயில் ஒரு பக்கம் காட்டைத் தின்னத் தொடங்கியது. எஞ்சினின் பசிக்குக் காடு போதாது என்று கண்டபிறகு கடலோரத்தில் சவுக்குத் தோப்புகளை வைத்தார்கள். நாம் நமதென்றே நினைக்கும் சவுக்கு இப்படி விறகுக்காகப் பரப்பப்பட்ட வெளிநாட்டு மரம்.

அந்த நாளில் காட்டைக் காப்பாற்றும் வழி என்றால் வேலி, சட்டம், கார்டு. 1882-ல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. கோடு கிழித்து, இதற்கு உள்ளே வராதே என்றார்கள். கோட்டுக்கு வெளியே இருந்த பெண்ணுக்கு அன்று மாலை சோறு பொங்க வேண்டும் என்பது மட்டும் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

ஸ்வீடன் கொடுத்த கருவேலம்

வனவர் பால் பாக்கெட்டும் கருவேப்பிலையுமாக வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், அறுபத்தெட்டு வயதுக்குப் படியேறும் வேகம் அபாரம். மலையில் நடந்த கால் அல்லவா?

"ஏம்மா, இந்தக் கதையெல்லாம் உங்க பத்திரிகையிலே யாரும்மா படிப்பாங்க? சமையல் குறிப்புக்குப் பக்கத்திலேயா?" என்றார்.

"சமையல் குறிப்புக்குப் பக்கத்தில்தான் ஐயா வர வேண்டும். விறகில்லாமல் சமையல் ஏது?" என்றேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டில் மரம் வளர்க்கும் காரியம் பெரிய அளவில் நடந்தது 1981-ல். ஸ்வீடன் தேசத்து உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் ஆரம்பித்தார்கள். கிராமத்து ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கருவேலங் கன்றுகளை நட்டார்கள். ஏரியில் நாலு மாதம் தண்ணீர் நின்றாலும் கருவேலம் தாங்கும். ஊரிலேயே விறகு கிடைத்தால் மலைக்காட்டுக்கு யாரும் போக மாட்டார்கள் என்பது கணக்கு.

நல்ல கணக்குத்தான். ஆனால் மரம் வளர்ந்து விலைக்கு வந்தபோது ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுக்கிறவன் லாரி வைத்திருப்பவன். விறகும் கரியும் எங்கே நல்ல விலை போகுமோ அங்கே போயின. பஞ்சாயத்துக்குப் பணம் கிடைத்தது, வாஸ்தவம். விறகு சுமக்கும் பெண்ணுக்கு விறகு கிடைத்ததா என்றால், வனவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "மிலாறு பொறுக்கிக்கிட்டாங்க" என்றார்.

ஆயா முறத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். "அந்தக் கருவேலங் கரிதான் இங்க வந்திருக்கும். தேய்க்கிற வண்டிக்காரன் மூட்டை மூட்டையா வாங்குவான்" என்றாள்.

கோலப்பொடியில் ஒரு ஊர்

1988-ல் தேசிய வனக் கொள்கை மாறியது. காட்டை ஒட்டியிருக்கும் ஜனங்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டுதான் காட்டைக் காக்க முடியும் என்று 1990-ல் மத்திய சர்க்கார் எல்லா ராஜ்யங்களுக்கும் எழுதியது. தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் காரியமானது 1997-ல், ஜப்பான் கடன் வந்தபோது. தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் என்று பெயர். முதல் கட்டம் 2005 வரை. இரண்டாவது கட்டம் 2013 வரை, 800 கிராமங்களில்.

நம் வனவர் இரண்டு கட்டத்திலும் மலையடிவாரத்து ஊர்களில் வேலை பார்த்தவர். ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்.

"முதல்லே கிராம வனக்குழு அமைக்கணும். வீட்டுக்கு ஒரு ஆண், ஒரு பெண் மெம்பர். அதுதான் சட்டம். நோட்டீஸ் போட்டுக் கூட்டம் கூட்டினோம். ஆம்பிளைங்க முன்னாலே திண்ணையிலே. பொம்பிளைங்க பின்னாலே, பாதிப் பேரு நின்னுக்கிட்டு. நான் பேசி முடிச்சேன். யாரும் வாய் திறக்கலே."

பிறகு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, கோலப்பொடியைக் கொண்டு வரச் சொன்னாராம். தரையில் ஊரை வரைந்து காட்டுங்கள் என்றாராம். ஆண்கள் ரோட்டையும் கோயிலையும் பஸ் நிற்கும் இடத்தையும் போட்டார்கள். கோலப்பொடி என்றதும் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஒருத்தி முன்னே வந்தாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர். ஆண்கள் வரைந்த ஊரில் இல்லாத ஒன்றை அவர்கள் வரைந்தார்கள். சுனைக்குப் போகும் வழி, விறகுக்குப் போகும் வழி, கோடையில் விறகுக்குப் போகும் வழி, மழைக்காலத்தில் போகும் வழி.

"எனக்கு அன்னிக்குத்தான் புத்தி வந்தது. ஊருக்குப் பக்கத்துச் சரிவிலே கன்னு நடணும்னு நாங்க பிளான் போட்டு வெச்சிருந்தோம். ஜீப் போகும், மேலதிகாரி வந்தா காட்டச் சௌகரியம். ஆனா அந்தச் சரிவுதான் அவங்க விறகு எடுக்கிற இடம், ஆடு மேயற இடம். அதை மூடிட்டா அவங்க இன்னும் ஒரு மணி நேரம் நடந்து, மேலே இருக்கிற நல்ல காட்டிலே போய் வெட்டுவாங்க. நான் கீழே ஆயிரம் கன்னு நட்டு, மேலே ஆயிரம் மரத்தை வெட்ட வெச்சிருப்பேன்!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் வியாசர்பாடிக்குப் போனது தகும். மரம் நடும் விழாக்களின் படங்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். எங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கின்றன. நடுவது பாதிக் காரியம்கூட இல்லை. ஓரிடத்தில் கையைக் கட்டினால் அடுப்பு இன்னோரிடத்தில் போய்க் கையை நீட்டும். அடுப்புக்கு மாற்று வழி சொல்லாமல் காட்டுக்குப் பூட்டுப் போட முடியாது.

பெண்கள் சொன்ன யோசனை சாதாரணமானது. மேல் சரிவை முதலில் நடுங்கள், கீழ்ச் சரிவை மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாக மூடுங்கள், சுனைக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள். காகிதத்தில் இருந்த திட்டத்தை மாற்ற வனவர் மேலிடத்துக்கு மூன்று தடவை நடந்தாராம்.

இந்தத் திட்டத்தில் தண்ணீருக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். ஓடைகளில் தடுப்பணை, அடிவாரத்தில் கசிவுநீர்க் குட்டை. குட்டை வெட்டிய இரண்டாம் வருஷம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. காட்டை ஏன் காக்க வேண்டும் என்று அதற்கு மேல் அவர் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு போகம் கூடுதலாக எடுத்த விவசாயி தானே சொல்லிவிட்டான்.

சீட்டுப் பணமும் யென் பணமும்

விறகுச் சுமை விற்றுப் பிழைத்தவர்களுக்கு என்ன வழி? வனக்குழுவின் பெயரில் ஒரு சுழல் நிதி கொடுத்தார்கள். ஒருத்தி கடன் வாங்குவாள். அவள் திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவளுக்குக் கடன். நம் தெருவில் சீட்டுப் பிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அது போலத்தான். முதல் சீட்டு எடுத்தவள் ஒழுங்காகக் கட்டினால் எல்லோருக்கும் க்ஷேமம்.

வனவரின் ஊரில் முதல் கடன் வாங்கியவள் பன்னிரண்டு வருஷமாகச் சுமை விறகு விற்றவள். விடியற்காலம் மூன்று மணிக்குக் கிளம்பினால் சுமையோடு இறங்கி டவுனுக்கு வரப் பத்து மணி ஆகும். கறவை மாடு வாங்கினாள். மாடு வந்த மாதம் அவளுடைய கழுத்து வலி போயிற்று என்று வனக்குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னாளாம்.

இன்னோர் ஊரில் வேறு மாதிரி ஆயிற்று. தலைவர் சொன்ன ஆளுக்கெல்லாம் கடன் போயிற்று. நோட்டுப் புத்தகத்தைக் கறையான் தின்றது என்றார்கள். திட்டம் முடிந்து ஜீப்பும் வருவது நின்றதும் கூட்டமும் நின்றது. தடுப்பணையில் மண் மேடிட்டது. வாரிப் போட யாரிடமும் பணம் இல்லை. நட்டிருந்த கன்றுகளுக்கு அந்த வருஷம் காவல்காரர் கூலி இல்லை. மீதியை ஆடு பார்த்துக் கொண்டது.

இரண்டு ஊருக்கும் வந்தது ஒரே பணம், ஒரே விதிகள், ஒரே மழை. வித்தியாசம் எங்கே என்று கேட்டேன். "நோட்டுப் புஸ்தகம் யார் வீட்டிலே இருந்துதுங்கறதுதாம்மா" என்றார். முதல் ஊரில் அது, எட்டாவது வரை படித்த ஒரு மருமகளிடம் இருந்ததாம். மாமியார் கடன் பாக்கி வைத்தபோது அதையும் எழுதி வைத்தவள் அவள்!

இந்தப் பணம் இனாம் இல்லை என்பதையும் சகோதரிகள் தெரிந்து கொள்ள வேண்டும். 1997-ல் கையெழுத்தான முதல் கடன் சுமார் 1,330 கோடி யென். 2005-ல் சுமார் 980 கோடி யென். 2011-ல் மூன்றாவது கடன் சுமார் 880 கோடி யென். கொடுத்த ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இதற்குள் இரண்டு தடவை மாறிவிட்டது. 1999-ல் ஒரு தடவை, 2008-ல் ஒரு தடவை. கடன் மட்டும் மாறவில்லை. வட்டி சொற்பம், தவணை பல பத்து வருஷங்கள். ஆனால் யென்னில் வாங்கியதை யென்னில் கட்ட வேண்டும். 1997-ல் ஒரு யென்னுக்குச் சுமார் முப்பது பைசா. இப்போது ஐம்பது பைசாவுக்கு மேல். பவுன் மலிவாக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு சங்கிலி இரவல் வாங்கி விற்றுவிட்டு, பவுன் ஏறியபிறகு அதே எடைக்குச் சங்கிலி வாங்கித் திருப்பித் தருவது போலத்தான். நட்ட மரம் நிற்கிறதா என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

ஆனால் அரசாங்க அறிக்கைகளில் "நட்டது" என்ற கணக்கு எளிதாகக் கிடைக்கும். "நின்றது" என்ற கணக்குக்குத்தான் அலைய வேண்டும். ஆகாயத்திலிருந்து படம் பிடித்து வனப் பரப்பை அளக்கிறார்கள். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்துக்கு ஒரு பங்கு மர நிழல் இருந்தால் அது வனப் பரப்பில் சேரும். தென்னந்தோப்பும் சேரும், சவுக்குத் தோப்பும் சேரும். பொள்ளாச்சித் தோப்பில் யானை வசிக்குமா என்று செயற்கைக்கோளுக்குக் கவலை இல்லை!

கேஸ் அடுப்பு வந்தும்

"இப்பதான் எல்லார் வீட்லயும் கேஸு வந்துடுச்சே. அப்புறம் இன்னாத்துக்கு வெறகு?" என்று ஆயாவே கேட்டாள்.

நல்ல கேள்வி. ஜப்பான் திட்டத்திலும் வனக்குழு வீடுகளுக்கு கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2007-ல் தமிழக சர்க்கார் இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய சர்க்காரின் உஜ்வலா வந்தது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் கேஸ் போன்ற புகையில்லா எரிபொருள்தான் பிரதானம். காட்டுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. அடுப்படியில் இருமிக் கொண்டிருந்த பெண்களுக்கும்தான்.

ஆனால் வனவர் சிரித்தார். "மலை ஊரிலே சிலிண்டர் தீர்ந்தா அடிவாரத்திலேருந்து யாரு தூக்கி வர்றது? காசும் வேணுமே. அதனாலே காப்பிக்கும் விருந்தாளிக்கும் கேஸ். சோத்துக்கும் வெந்நீருக்கும் விறகு. ஒரே வீட்டிலே ரெண்டு அடுப்பு."

ஆயா வாய்விட்டுச் சிரித்து எழுந்து, மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினாள். மூன்று செங்கல், பக்கத்தில் துறைமுகத்திலிருந்து வந்த உடைந்த பெட்டி மரச் சட்டங்கள், கயிறு கட்டி நேர்த்தியாக. "குளிக்கத் தண்ணி இதுலதான் காயும். ஆயிரம் ரூபா சிலிண்டர்ல வெந்நி போட்டுக் குளிக்க நான் இன்னா ஜமீனா?"

ஜவ்வரிசியும் சாமையும்

ஆயா முறத்தில் புடைத்துக் கொண்டிருந்தது வடாத்துக்கான ஜவ்வரிசி. அதைக் கையில் அள்ளிப் பார்த்தபோது, இன்னொரு மலையின் ஞாபகம் வந்தது. நாமக்கல் ஜில்லாவில், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கொல்லிமலை. அங்கே விளையும் மரவள்ளிக் கிழங்கு, அடிவாரத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகி நம் வடாத்துக்கும் பாயசத்துக்கும் வருகிறது.

மரவள்ளிக்கு முன்னால் அந்தச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு. இவற்றுக்கு உரம் வேண்டாம். மழை குறைந்தாலும் விளையும். மரவள்ளி வந்தபிறகு சரிவில் மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுக்கிறார்கள். மழையில் மேல்மண் கழுவிக் கொண்டு போகிறது. உரம் போட வேண்டியிருக்கிறது. ஆனாலும் போட்டார்கள், காசு வருகிறது என்பதால். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சாமை காசு தராது. அவர்களைக் குற்றம் சொல்ல நான் யார்? என் வீட்டிலும் சித்திரையில் ஜவ்வரிசி வடாம் காய்கிறது.

எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்தது. சுவிட்சர்லாந்து சர்க்காரின் உதவி அமைப்பு, ரோமாபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கிய நாடுகளின் விவசாய வளர்ச்சி நிதியம், பிற்பாடு கனடாவின் ஆராய்ச்சி மையம் என்று பல தேசத்துப் பணம் அதற்கு உதவியது. சிறுதானியம் ஏன் குறைந்தது என்று ஆராய்ந்தார்கள். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம் எந்த மாமியாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். சாமையை யார் குத்துவது?

சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். நாள் முழுதும் வயலில் வேலை செய்துவிட்டு வந்த பெண், இரவுச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் உலக்கை பிடிக்க வேண்டும். ரேஷன் கடை அரிசி வந்ததும் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். அவள் சாத்தியதும் வயலில் சாமையும் போயிற்று.

ஆகவே கொல்லிமலைக் கிராமங்களில் அரவை இயந்திரங்களை வைத்து, பெண்கள் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். நல்ல விதை, வரிசை விதைப்பு, மாவும் சத்துமாவுமாகப் பொட்டலம் கட்டி விற்பனை என்று மற்றவையும் செய்தார்கள். ஆனால் மூலம் அந்த மெஷின்தான் என்பது என் அபிப்பிராயம். 2023-ஐ ஐ. நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது பட்டணத்து ஹோட்டல்களில் தினை தோசை கிடைத்தது. மரவள்ளி மலையை விட்டுப் போய்விடவில்லை, போகவும் போகாது. சாமை அடியோடு அழிந்து போகாமல் சில வயல்களிலும் விதைக் குதிர்களிலும் தங்கியிருப்பதே பெரிய காரியம்.

வயலில் நிற்கும் மரம்

மூன்றாவது ஜப்பான் கடன் 2011-ல் வந்தபோது திட்டத்தின் பேரும் போக்கும் மாறின. பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கல் திட்டம் என்று பெயர். காட்டில் உண்ணிச் செடி போன்ற அந்நியப் பயிர்களை அகற்றுவது ஒரு பக்கம். விவசாயியின் சொந்த நிலத்தில் தேக்கு, மலைவேம்பு, குமிழ் மாதிரி மரங்களை வரப்பிலும் வயலிலும் வளர்க்கச் செய்வது இன்னொரு பக்கம். பட்டணத்துக்கு மரம் வேண்டும் என்பதை மறைக்காமல் ஒப்புக் கொண்டு, அதைக் காட்டிலிருந்து எடுக்காதே, வயலிலிருந்து எடு என்கிற யோசனை. சவுக்கு இதற்கு நல்ல உதாரணம். நாலைந்து வருஷத்தில் வெட்டிச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் அனுப்புகிறார்கள். நீங்கள் கையில் பிடித்திருப்பதும் காகிதம்தானே?

வரப்பு மரத்தில் விவசாயிக்குப் பயம் ஒன்று உண்டு. வளர்ந்தபிறகு வெட்ட விடுவார்களா என்று. அந்தக் காலத்தில் தன் நிலத்துச் சந்தன மரத்தைத் தானே தொட முடியாமல், கன்று முளைத்தால் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு என்றார் வனவர். அவரே அப்படி ஒருவரைப் பிடித்துக் கேஸ் எழுதியிருக்கிறாராம். "இப்ப நினைச்சா வெக்கமா இருக்கும்மா."

2022 செப்டம்பர் 24-ல் தமிழக சர்க்கார் பசுமை இயக்கம் ஒன்றை வண்டலூரில் தொடங்கியது. காடும் மரமுமாக நூற்றுக்கு 23.7 பங்கு இருக்கும் பரப்பை 33 ஆக்க வேண்டும் என்பது லட்சியம். இதற்கும் கைகொடுக்க ஜப்பான் உதவியோடு சுமார் 920 கோடி ரூபாயில் இன்னொரு திட்டம் நடக்கிறது. கோலப்பொடி வாங்க அதில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று தெரிந்தால் வனவர் சந்தோஷப்படுவார்.

பொழுது சாய்ந்துவிட்டது. ரயில் ஒன்று கூவிக் கொண்டு போயிற்று. நான் புறப்பட எழுந்தபோது ஆயா வனவரைப் பிடித்துக் கொண்டாள்.

"ஏன் பாரஸ்டரே, அந்த மாடு வாங்குனாளே, அவ கடன கட்டிட்டாளா?"

"எப்பவோ கட்டிட்டாக்கா. ரெண்டு வருஷத்திலே. அந்தப் பணத்திலே இன்னும் ஏழெட்டுப் பேரு வாங்கிக் கட்டிட்டாங்க. போன பொங்கலுக்குப் போயிருந்தேன்; நோட்டு இப்ப அந்த மருமகளோட பொண்ணு கையிலே இருக்கு."

ஆயா ஜவ்வரிசியை டப்பாவில் கொட்டி மூடினாள். "அப்போ அந்த ஜப்பான்காரனுக்கு?"

வனவர் என்னைப் பார்த்தார்.

"இன்னும் கட்டிக் கொண்டிருக்கிறோம் ஆயா" என்றேன்.